பெரட்டில் ஆள் எண்ணுவது தலைமை ஆகாது: சிறிய மென்பொருள் குழுவை வழிநடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இயங்குகிறது. குழுவில் ஆறு பேர். நால்வர் இங்கே அமர்ந்து வேலை செய்கிறோம். ஒருவர் ஈப்போவிலிருந்தும் இன்னொருவர் சுங்கை பட்டாணியிலிருந்தும் இணைகிறார்கள். செம்பனைக் குலைகளை வாங்கும் நிலையங்களுக்கு எடைக் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது எங்கள் முதன்மையான தொழில். இந்தக் குழுவை நடத்தி வரும் ஆண்டுகளில் எனக்குப் பயன்பட்டவற்றை, எங்களைப் போன்ற சிறிய ஊர்களில் சிறிய குழுக்களை நடத்துவோருக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

என் தாயார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே, வேலைக்கு வந்த ஆட்களை எண்ணும் பெரட்டுக் களத்தில் நின்று, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்துவிட்டு, வாளியோடு தமக்குரிய மர நிரைக்குப் போனதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். பெரட்டில் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆள் வந்தாயிற்றா? எந்த நிரையில் மரம் பட்டுப்போனது, யாருடைய கத்தி மழுங்கியிருக்கிறது, நேற்று ஏன் பால் குறைந்தது என்று அங்கே எவரும் கேட்டதில்லை. வெட்டுபவர் தாமாகச் சொல்வதற்கும் இடமில்லை. பல மென்பொருள் குழுக்களின் காலைக் கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெரட்டுதான் நினைவுக்கு வருகிறது. ஆள் வந்ததைத் தெரிந்துகொள்வதால் மென்பொருள் சரியாகிவிடாது. ஒரு சிக்கல் சிறியதாக இருக்கும்போதே, அதைக் கண்டவர் தயங்காமல் சொல்லும்படி வேலையை அமைப்பதே தலைவரின் முதல் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே வரும் படிகள் யாவும் அதற்காகத்தான்.

முதல் படி: குழுவின் அளவையும் பொறுப்புகளையும் முடிவு செய்யுங்கள்

குழுவில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் பேச வேண்டுமானால், ஐந்து பேருக்குப் பத்துத் தொடர்புகள் உண்டாகும். எட்டுப் பேருக்கு அது 28 ஆகும். 12 பேருக்கு 66 ஆகும். ஆள் இரட்டித்தால் பேச்சு இரட்டிப்பதோடு நிற்பதில்லை. ஐபிஎம் நிறுவனத்தில் சிஸ்டம் 360 கணினிகளுக்கான இயங்குதளப் பணிக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975இலேயே எழுதிவிட்டார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர், வேலையை அதிகம் அறிந்த பழையவர்தான். அவருடைய நேரம் போய்விடுகிறது. மென்பொருள் குழுக்கள் பரவலாகக் கையாளும் ஸ்கிரம் என்ற பணிமுறையின் அதிகாரபூர்வ வழிகாட்டியும் ஒரு குழு பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது என்கிறது.

ஆகவே கெடு நெருங்கும்போது வாடிக்கையாளர் "இன்னும் ரெண்டு ஆளைப் போடுங்க" என்று கேட்டால், ஆளைச் சேர்க்காதீர்கள். வேலையின் அளவைக் குறையுங்கள். எந்த அம்சம் முதல் நாளே இல்லாவிட்டால் தொழில் நின்றுபோகும், எது அடுத்த மாதம் வந்தாலும் போதும் என்று அவரோடு அமர்ந்து பிரித்துக்கொள்ளுங்கள்.

பொறுப்புகளை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். எதைச் செய்வது என்று முடிவெடுப்பவர் யார், எப்படிச் செய்வது என்று முடிவெடுப்பவர் யார், வெளியீட்டு நாளில் "போகலாம்" என்றோ "நிறுத்துங்கள்" என்றோ சொல்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பெயரோடு விடை இருக்க வேண்டும். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஓர் அமைப்பு உருவாக்கும் வடிவமைப்பு அந்த அமைப்பின் தகவல் தொடர்பையே ஒத்திருக்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதியதை நாங்கள் அனுபவத்தில் கண்டோம். ஈப்போவில் இருப்பவர் எங்களோடு குறைவாகப் பேசிய காலத்தில் அவர் எழுதிய அச்சுப் பகுதி, மற்றவர் எவரும் தொடத் தயங்கும் தனித் தீவாகிவிட்டது. அதை மீட்க நிரலைத் திருத்துவதற்கு முன், அவரை மற்றொருவரோடு வாரம் இருமுறை சேர்ந்து எழுதச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் படி: வேலையைச் சிறியதாக வெட்டி, எண்ணோடு எழுதுங்கள்

ஒரு வேலைச்சீட்டு இரண்டு நாள் உழைப்பைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் விதி. இரண்டு நாள் வேலை சிக்கிக்கொண்டால் மூன்றாம் நாள் காலையில் தெரிந்துவிடும். இரண்டு வார வேலை சிக்கிக்கொண்டால் அது தெரியவே இரண்டு வாரம் ஆகும்.

சீட்டில் நான்கு செய்திகள் வேண்டும்: இது யாருக்குத் தேவை, முடிந்தபின் அவர் திரையிலோ தாளிலோ எதைக் காண்பார், எப்போது முடிந்ததாகக் கொள்ளலாம், எண்ணோடு கூடிய ஓர் எடுத்துக்காட்டு. நான்காவதை விட்டுவிடாதீர்கள். "கழிவைக் கணக்கிட வேண்டும்" என்ற வரியை ஆறு பேர் ஆறு விதமாகப் புரிந்துகொள்வார்கள். "1,240 கிலோ குலைக்கு 3.5 விழுக்காடு கழிவு என்றால் 43.4 கிலோ, மீதி 1,196.6 கிலோ, எடைச்சீட்டில் இப்படியே அச்சாக வேண்டும்" என்று எழுதிவிட்டால் விவாதம் முதல் நாளே நடந்து முடிந்துவிடும்.

அலகுகளையும் எழுதுங்கள். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பின் மென்பொருள் பிரிட்டிஷ் அலகில் தர, மறு தரப்பு அதை மெட்ரிக் அலகாக எடுத்துக்கொண்டதே காரணம். என் மனத்தில் அதிகம் தைப்பது இன்னொன்று. பாதையில் ஏதோ பொருந்தவில்லை என்பதை வழிகாட்டுதல் பணியில் இருந்தவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். அந்த ஐயம் முறைசாரா வழிகளில் சொல்லப்பட்டு, எவராலும் இறுதிவரை துரத்தப்படாமல் போயிற்று.

மூன்றாம் படி: காலைக் கூட்டத்தைப் பெரட்டாக்காதீர்கள்

இந்தப் படியில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கூட்டம் 15 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தார் என்று ஒப்பிப்பது வழக்கமாகிவிட்டால், எல்லாரும் தாம் உழைத்ததற்குச் சான்று காட்டத் தொடங்குவார்கள். சான்று காட்டுபவர் சிக்கலைச் சொல்லமாட்டார். ஆகவே ஆளை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள். வேலைச்சீட்டுகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பலகையில் முடிவுக்கு மிக அருகில் உள்ள சீட்டிலிருந்து தொடங்கி, "இது இன்று வெளியேற என்ன தடை?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு வாருங்கள். தடைக்குத் தீர்வை அங்கேயே பேசத் தொடங்காமல், தொடர்புடைய இருவரை மட்டும் கூட்டம் முடிந்தபின் இருக்கச் சொல்லுங்கள்.

நம்மிடையே கூடுதலான ஒரு தடை உண்டு. வயதில் மூத்தவரை அக்கா, அண்ணன் என்று அழைத்து வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதை நல்லது. அதை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அக்கா என்று அழைப்பவரிடம் "உங்கள் கணக்குத் தப்பு" என்று சொல்ல ஓர் இளைஞருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைத் தலைவர் உணர்ந்தே ஆக வேண்டும்.

ஒரு நாள் காலைக் கூட்டம் முடியும் நேரம். குழுவின் மிக இளையவர், அப்போது சேர்ந்து நான்கு மாதமாகியிருந்தது, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, அந்தக் கழிவுக் கணக்குல..." என்று ஆரம்பித்தார். வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் காத்திருந்தார். "அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் மறந்துபோனேன்.

இரண்டு மாதம் கழித்து, சிறு தோட்டக்காரர் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். குலை விற்ற ஆறு மாதச் சீட்டுகள், ரப்பர் வளையம் போட்டு, மொத்தம் 34. ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் அவரே கணக்குப் போட்டிருந்தார். "எனக்கு 17 கிலோ கொறையுதும்மா. காசு பெருசில்ல. ஆனா எல்லாச் சீட்டுலயும் கொறையுது" என்றார். எங்கள் நிரல் ஒவ்வொரு சீட்டிலும் கழிவை முழுக் கிலோவாக்கும்போது எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கியது: 43.4 கிலோ 44 ஆனது. சீட்டுக்குச் சராசரியாக அரைக் கிலோ, அந்த நிலையத்துக்குக் குலை போடும் ஒவ்வொருவரிடமிருந்தும் போயிருந்தது. அந்த நிரலை எழுதியவள் நான். தம்பி அன்று சொல்ல வந்தது இதைத்தான்.

அதன் பிறகு கூட்டத்தில் மூன்று மாற்றங்களைச் செய்தோம். முதலாவது, கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பே ஒவ்வொருவரும் தமது ஐயத்தை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். வாயால் சொல்லத் தயங்குபவர் எழுதுவதற்குத் தயங்குவதில்லை. இரண்டாவது, பேச்சு இளையவரிடம் தொடங்கி மூத்தவரிடம் முடிய வேண்டும். தலைவர் கடைசியாகத்தான் பேச வேண்டும், ஏனெனில் தலைவர் கருத்துச் சொன்ன பிறகு வருபவையெல்லாம் பெரும்பாலும் ஆமோதிப்புகளாகவே இருக்கும். மூன்றாவது, "அப்புறம்" என்ற சொல்லைப் பயன்படுத்துபவர் அங்கேயே நாளையும் மணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது விதி முதன்மையாக எனக்கானது.

நான்காம் படி: ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க வேண்டும்

மற்றொருவர் படித்து ஒப்புதல் தராமல் எந்த நிரலும் முதன்மைக் கிளையில், அதாவது வெளியீட்டுக்குப் போகும் பொதுப் பிரதியில், சேரக்கூடாது. இந்த விதியைத் தலைவரின் நிரலிலிருந்தே தொடங்குங்கள். என் நிரலை எவரும் படிக்காத காரணத்தால்தான் மேற்சொன்ன பிழை உயிரோடு இருந்தது.

படிக்கக் கொடுக்கும் மாற்றம் சில நூறு வரிகளுக்குள் அடங்க வேண்டும். ஆயிரம் வரியைப் பெற்றவர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு "சரி" என்று போட்டுவிடுவார். ஐம்பது வரியைப் பெற்றவர் உண்மையாகவே படிப்பார். வந்ததை அரை நாளுக்குள் படித்துத் திருப்ப வேண்டும். காத்திருக்கும் நிரல், பால் கொட்டகைக்குப் போகாமல் வாளியில் உறையும் பாலைப் போலத்தான்.

குறிப்பு எழுதும் மொழியில் மிகுந்த கவனம் தேவை. "நீ ஏன் இதைச் சோதிக்கவில்லை?" என்பது ஆளைக் கேட்கிறது; "எடை சுழியமாக வந்தால் இந்த வரி என்ன தரும்?" என்பது நிரலைக் கேட்கிறது. கட்டாயம் திருத்த வேண்டியதையும் வெறும் விருப்பத்தையும் வெவ்வேறாகக் குறித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் இளையவர் இரண்டையும் கட்டளையாகவே எடுத்துக்கொள்வார். நன்றாக எழுதப்பட்ட பகுதியைக் கண்டால் அதையும் எழுதுங்கள்.

"என் கோட், உன் கோட்" என்ற பேச்சை வளரவிடாதீர்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த இந்த ஊரில், பலர் சேர்ந்து ஒன்றுக்கு உடைமையாளர் ஆவது என்றால் என்னவென்று புதிதாக விளக்க வேண்டியதில்லை. நிரலும் அப்படித்தான் இருக்க வேண்டும்: எவரும் திருத்தலாம், எல்லாரும் பொறுப்பு.

ஐந்தாம் படி: அடிக்கடி, சிறிதாக, திரும்பும் வழியோடு வெளியிடுங்கள்

வெளியீட்டுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்க வேண்டும்; அதை ஒருவர் செய்ய, மற்றவர் பார்க்க வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை முன்கூட்டியே செய்து பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் வெளியிட வேண்டாம்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம், எட்டுச் சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றத் தவறியது. அதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு தானாகப் பங்குகளை வாங்கி விற்றதில், ஏறத்தாழ 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. சந்தை திறப்பதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் கணினி அமைப்பு 97 மின்னஞ்சல்களைத் தானாக அனுப்பிப் பிழையைச் சுட்டியிருந்தது. அவற்றைப் படித்து நடவடிக்கை எடுப்பது எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. உங்கள் அமைப்பு அனுப்பும் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் எதிரே ஒருவருடைய பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெயர் இல்லாத எச்சரிக்கையை ஒருவருக்கு ஒதுக்குங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள்.

எத்தனை முறை வெளியிடுகிறோம், எழுதிய மாற்றம் பயனரை அடைய எவ்வளவு நேரம் ஆகிறது, வெளியீடுகளில் எத்தனை விழுக்காடு சிக்கலைத் தருகிறது, சிக்கலிலிருந்து மீள எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற நான்கையும் அளந்து வாருங்கள். குழு முழுமைக்கும் சேர்த்து மட்டும் அளந்து பாருங்கள். தனியாளின் பெயரோடு அளந்தால் அன்றே சிக்கல்கள் ஒளியத் தொடங்கும்.

ஆறாம் படி: பிழை நேர்ந்தபின் ஆளைத் தேடாதீர்கள்

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களிலேயே அதிகப் பிழைகள் பதிவாகியிருந்ததைக் கண்டார். அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, நேர்ந்த தவறுகளை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அதற்கு விளக்கமாக அமைந்தது. குழுக்களின் உளப் பாதுகாப்பைப் பற்றிய அவருடைய ஆய்வு 1999இல் வெளிவந்தது. பிழையைச் சொன்னவர் அதற்காகத் தண்டிக்கப்படமாட்டார் என்ற நம்பிக்கையைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

மென்பொருள் துறையில் இதற்கு நல்ல சான்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையச் சேவை நிறுவனமான கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு அங்கே ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸில் நீக்க வேண்டியதை முதன்மை டேட்டாபேஸில் நீக்கிவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே எஞ்சியது. காப்புப் பிரதி ஏற்பாடுகள் ஐந்து இருந்தும் எதுவும் நம்பியபடி உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்த ஒரு நகலைக் கொண்டு மீண்டார்கள். அந்தப் பொறியாளரைக் குற்றவாளியாக நிறுத்தாமல், நடந்த அனைத்தையும் வெளிப்படையாக எழுதினார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். நள்ளிரவில் களைத்த ஒருவர் தவறு செய்வது இயல்பு. காப்புப் பிரதிகள் வேலை செய்கின்றனவா என்று எவரும் சோதித்துப் பார்க்காததே அங்கே திருத்தப்பட வேண்டியிருந்தது.

நீங்கள் எழுதும் ஆய்வறிக்கை பின்வரும் ஒழுங்கில் இருக்கட்டும். முதலில் மணி வாரியாக என்ன நடந்தது என்று எழுதுங்கள். அடுத்து, அந்தந்த நேரத்தில் அந்த முடிவு ஏன் சரியாகத் தோன்றியது என்று எழுதுங்கள். இதுதான் கடினமான பகுதி, பலர் இதைத் தாவிவிடுகிறார்கள். பிறகு, பிழையை இதைவிட முன்னதாக எங்கே பிடித்திருக்கலாம் என்று எழுதுங்கள். முடிவில் யார் எந்த நாளுக்குள் எதை மாற்றப் போகிறார் என்பது வர வேண்டும். "இனி கவனமாக இருப்போம்" என்ற வரியை ஏற்காதீர்கள், அது எதையும் மாற்றுவதில்லை.

கழிவுப் பிழைக்கு நாங்கள் எழுதிய அறிக்கையின் இரண்டாம் பகுதியில், "தலைவர் அவசரத்தில் இருந்தார், ஐயத்தைப் பதிவு செய்ய வேறு வழி இல்லை" என்று நானே எழுதினேன். செயல்களாக மூன்று இருந்தன: கழிவை ஒரு தசம இடத்தோடு அச்சிடுதல், பழைய சீட்டுகளை மறுபடி கணக்கிட்டு ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய எடையை நிலையத்துக்குப் பட்டியலாகத் தருதல், பணக் கணக்கையும் எடைக் கணக்கையும் தொடும் நிரலை இருவர் படித்தல். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு நானும் தம்பியும் சேர்ந்தே போனோம்.

ஏழாம் படி: தனியே பேசுங்கள், நேரத்தை மதியுங்கள்

வாரம் அரை மணி நேரம் ஒவ்வொருவரோடும் தனியே அமருங்கள். வேலை நிலவரத்தை அங்கே கேட்க வேண்டாம். அதற்குப் பலகை இருக்கிறது. எது சலிப்பைத் தருகிறது, எதைக் கற்க ஆசை, நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முதல் சில வாரம் "ஒண்ணுமில்லக்கா" என்றுதான் பதில் வரும். தொடர்ந்து கேட்டு, சொன்ன ஒன்றையாவது நீங்கள் மாற்றிக் காட்டிய பிறகுதான் உண்மையான பதில் வரும்.

மலேசியாவின் திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தின் உச்சத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. நெகிழ்வான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்றும் சொல்கிறது. கோலாலம்பூருக்குப் போகாமல் பெற்றோருடன் இங்கேயே இருந்து வேலை செய்ய விரும்பும் இளையோர் நம் ஊர்களில் பலர். அவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு, நமக்கும் அப்படியே. ஒருவர் வெளியூரிலிருந்து இணைகிறார் என்றால், முடிவுகள் அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் எடுத்த முடிவை அவர் வாட்ஸ்அப்பில் தற்செயலாகத் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

எட்டாம் படி: நீங்கள் இல்லாமல் நடக்கிறதா என்று பாருங்கள்

ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டு வாரம் முழுமையாக விடுப்பில் போங்கள். போகும் முன் கடவுச்சொற்கள் எங்கே, சர்வர் நின்றால் யாரை அழைப்பது, எந்த முடிவை எனக்காகக் காத்திராமல் எடுக்கலாம் என்பதை எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும், எந்தெந்த இடத்தில் வேலை உங்களுக்காகக் காத்து நின்றது என்று கேட்டுப் பட்டியலிடுங்கள். அடுத்த ஆண்டுக்குள் குழுவிடம் ஒப்படைக்க வேண்டியவை அவைதாம்.

காலைக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை மாதம் ஒருவராக மாற்றி வாருங்கள். எங்களிடம் இந்த மாதம் அது அந்தத் தம்பியின் முறை. கடந்த திங்கட்கிழமை அவர், புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் முதலில் கேட்டார். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, அக்கா எழுதுன டெஸ்ட்ல தேதி ஒரு நாள் தள்ளி வருது" என்றார். தம்பி என் பக்கம் திரும்பாமல், "கூட்டம் முடிஞ்சதும் 9.20க்கு நீங்களும் அக்காவும் உட்கார்ந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.